பழைய மரக் கிளாரினெட்: தரம் அறிவோம், மதிப்பு அறிவோம்

படைப்பிரிவின் பேண்டு வாத்தியக் குழுவிலோ, காவல்துறை இசைக்குழுவிலோ, திரைப்பட இசைக்கூடத்திலோ ஒரு தலைமுறைக்கு முன் பணியாற்றியவரின் இல்லத்தில், கறுப்புத் தோல் உறையிட்ட சிறு பெட்டி ஒன்று பரணில் கிடப்பதுண்டு. திறந்தால், நிறம் மங்கிய வெல்வெட் குழிகளுக்குள் ஐந்து துண்டுகளாகக் கழற்றி வைக்கப்பட்ட ஒரு கிளாரினெட் இருக்கும். அதைக் கண்ட குடும்பத்தார் இருவகைப் பிழைகளுள் ஒன்றைச் செய்கின்றனர். பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும் விலைக்கு அதைத் தள்ளிவிடுவது ஒன்று. பழையது என்பதாலேயே அது இலட்சங்கள் பெறும் என்று நம்பிப் பழுதுபார்ப்பதற்குப் பெரும் பணம் செலவிடுவது மற்றொன்று. இரண்டும் பொருளிழப்பே. கருவியைக் கையிலெடுத்து, அதன் தரத்தையும் மதிப்பையும் முறையாக அறியும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

இந்தியாவுக்கு வந்த வழி

கிளாரினெட், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 1700ஆம் ஆண்டையொட்டி யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் என்னும் கருவியாளரின் பட்டறையில் உருப்பெற்றது. ஐரோப்பியப் படைகளின் இசைக்குழுக்களில் விரைவில் இடம்பிடித்த இக்கருவி, ஆங்கிலேயப் படைப்பிரிவுகளுடன் இந்தியாவுக்கு வந்தது. அங்கிருந்து சுதேச சமஸ்தானங்களின் அரண்மனை இசைக்குழுக்களுக்கும், பின்னர்த் திருமண ஊர்வல பேண்டுகளுக்கும் பரவியது. தென்னகத்தில் அது வேறொரு வாழ்வும் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சையின் மகாதேவ நட்டுவனார் இதனைச் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்தார் என்று இசை வரலாறு கூறுகிறது. கர்நாடக இசையின் தனிக் கச்சேரிக் கருவியாக அதனை உயர்த்திய ஏ.கே.சி. நடராஜன் 2008இல் சங்கீத கலாநிதி விருதும், 2022இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இவ்வரலாற்றை நினைவில் கொள்வது நமக்குப் பயன் தரும். இந்திய இல்லங்களில் கிடைக்கும் பழைய கிளாரினெட்டுகளுள் பல படைக்குழுக்களுக்கென்று இங்கிலாந்தில் செய்யப்பட்டவை; வேறு சில பிரான்சிலிருந்து இறக்குமதியானவை. அவற்றின் மதிப்பை நிர்ணயிக்கும் மிக முக்கியமான கேள்வி, பின்னர் நாம் காணப்போவதுபோல், இந்த இராணுவப் பின்னணியோடு நேரடியாகத் தொடர்புடையது.

மரமா, எபோனைட்டா, பிளாஸ்டிக்கா?

முதலில் கருவி மரத்தால் ஆனதுதானா என்று உறுதிசெய்வோம். கறுப்பு நிறம் மட்டும் சான்றாகாது. ஊதுவாய், பேரல், மேல் உடல், கீழ் உடல், மணிவாய் ஆகிய ஐந்து துண்டுகளுள் மேல் உடலை எடுத்து, ஒளியை நோக்கிப் பிடித்து, குழலின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். மரமாயின் நுண்ணிய இழைக்கோடுகள் நீளவாட்டில் தென்படும். பிளாஸ்டிக்கில் அவை இரா. எபோனைட் என்னும் கடின இரப்பர் வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறமடையும். விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றினால் மெல்லிய கந்தக வாடை வீசும்.

தொடக்க காலக் கிளாரினெட்டுகள் மஞ்சள் நிறப் பாக்ஸ்வுட் மரத்தில் செய்யப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் நல்ல கருவிகள் பெரும்பாலும் கிரெனடில்லா எனப்படும் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனவை. இது தான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் வளர்வது. நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியுடையது. ஆனால் அந்தச் சோதனையைக் கருவியைக் கொண்டு ஒருபோதும் செய்யலாகாது. எபோனைட் என்பதாலேயே கருவி தரங்குறைந்தது என்றும் முடிவு கட்ட வேண்டாம். வெப்ப நாடுகளில் மரம் வெடிக்கும் என்பதால் எபோனைட்டில் நல்ல கருவிகளும் செய்யப்பட்டன.

சாவிகளின் வெண்ணிற உலோகத்தை வெள்ளி என்று கருதுவோர் பலர். அது பெரும்பாலும் ‘ஜெர்மன் சில்வர்’. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலப்பு உலோகம். பெயரில் வெள்ளி உண்டே தவிர, உலோகத்தில் இல்லை. மேற்பூச்சு வெள்ளியாக இருக்கலாம். அதன் எடை பொருட்படுத்தத்தக்கதன்று. ஆகவே எடைக்கு விற்பவர் எப்போதும் இழப்பவரே.

சாவிகளை எண்ணுவோம்

அடுத்தது சாவியமைப்பு. இன்று உலகின் பெரும்பகுதியில் கற்பிக்கப்படுவது போம் முறை. பாரிசில் யாசிந்த் க்ளோசே என்னும் கலைஞரும், லூயி ஓகுஸ்த் புஃபே என்னும் கருவியாளரும் இணைந்து உருவாக்கி 1839இல் காட்சிக்கு வைத்தது இது. இம்முறையில் அமைந்த வழக்கமான கருவியில் 17 சாவிகளும், துளைகளைச் சூழ்ந்த 6 வளையங்களும் இருக்கும். வலக்கைச் சுண்டுவிரலுக்கு நான்கு சாவிகள் ஒரு தொகுப்பாக அமைந்திருப்பதைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம்.

அதற்கு முந்தைய எளிய முறை, பெல்ஜியக் கருவியாளர் ஒருவரின் பெயரால் ஆல்பர்ட் முறை எனவும் வழங்கும். இதில் சாவிகளும் வளையங்களும் குறைவு; வலக்கைச் சுண்டுவிரலுக்கு இரண்டே சாவிகள், அவற்றின் விளிம்பில் பெரும்பாலும் சிறு உருளைகள் இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் நகரின் முற்கால ஜாஸ் இசைஞர்கள் இதைத்தான் ஊதினர். துருக்கியிலும் கிரேக்கத்திலும் நாட்டார் இசையில் இம்முறை இன்றும் வாழ்கிறது. ஆயினும் புதிதாகக் கற்கும் மாணவர் தேடுவது போம் முறைக் கருவியையே. எனவே, மற்றவை சமமாயின், எளிய முறைக் கருவிக்கு வாங்குவோர் குறைவு, விலையும் குறைவு.

சுருதி: பலர் கேட்கத் தவறும் கேள்வி

இனி முன்னர்க் குறிப்பிட்ட முக்கியக் கேள்விக்கு வருவோம். இன்று உலகெங்கும் ‘ஏ’ என்னும் சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வுகள் என்பது பொது அளவு. 1939இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு இதனைப் பரிந்துரைத்தது. ஆனால் பிரிட்டிஷ் இராணுவ இசைக்குழுக்கள் 1920களின் இறுதிவரை 452.5 என்னும் உயர் சுருதியில் வாசித்தன. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி. எண்ணில் சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு காதுக்குப் பெரிது. உயர் சுருதிக் கிளாரினெட்டை இன்றைய ஹார்மோனியத்துடனோ, கீபோர்டுடனோ, பள்ளி பேண்டுடனோ சேர்த்து வாசித்தால், எத்துணைத் திறமையுடையவர் ஊதினாலும் அபசுரமாகவே ஒலிக்கும்.

இதைச் சரிசெய்ய இயலாதா? பேரலைச் சிறிது வெளியே இழுத்தால் சுருதி தாழும் என்பது உண்மையே. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இழுத்துச் சேர்ப்பது கலைஞர்கள் நாள்தோறும் செய்வதுதான். ஆனால் உயர் சுருதிக் கருவியை இன்றைய அளவுக்குத் தாழ்த்த ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். மேல் முனையில் அவ்வளவு நீட்டினால், மேலுள்ள துளைகளின் சுரங்கள் மிகுதியாகத் தாழும். கீழுள்ளவை சிறிதளவே தாழும். துளைகளின் இடைவெளி விகிதம் குலைந்து, கருவி தனக்குள்ளேயே சுருதி பிசகும். பழுதுபார்ப்பவரின் கைத்திறனால் இது மாறாது.

கண்டறியும் வழிகள் மூன்று. ஒன்று, முத்திரை. உடலின் பின்புறத்திலோ பெயர் முத்திரையின் அருகிலோ எச்.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருப்பின் உயர் சுருதி; எல்.பி. என்றிருப்பின் தாழ் சுருதி, அதாவது இன்றைய அளவை ஒட்டியது. முத்திரை இல்லாத கருவிகளும் உண்டு. இரண்டு, நீளம். ஊதுவாயை நீக்கிவிட்டு, பேரல் முதல் மணிவாய் வரை பொருத்தி அளந்தால், வழக்கமான பி ஃப்ளாட் கிளாரினெட் சுமார் 60 சென்டிமீட்டர் இருக்கும். உயர் சுருதிக் கருவி அதைவிட ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறையும். ‘ஏ’ சுருதிக் கிளாரினெட் இன்னும் நீளமானது, ‘சி’ சுருதிக் கிளாரினெட் குட்டையானது என்பதால், நீளம் மட்டும் முடிவான சான்றாகாது. மூன்றாவதும் உறுதியானதுமான வழி, அறிந்தவர் ஒருவரை வாசிக்கச் செய்து, கைப்பேசியின் ட்யூனர் செயலியில் பார்ப்பது. குளிர்ந்த மரம் சுருதி தாழ்ந்து ஒலிக்கும் என்பதால், ஐந்து நிமிடம் ஊதிச் சூடேறிய பின்னரே அளக்க வேண்டும். எல்லாச் சுரங்களிலும் செயலியின் முள் இரு சுரங்களுக்கு நடுவிலேயே நிற்குமாயின், அது உயர் சுருதிக் கருவி என்று கொள்ளலாம்.

உடல்நிலை

மரக் கிளாரினெட்டின் முதல் எதிரி வெடிப்பு. ஊதும்போது உட்புறம் ஈரமேறி விரிய, வெளிப்புறம் உலர்ந்தே இருக்க, இடையில் எழும் இழுவிசையால் மரம் பிளக்கிறது. வட இந்தியக் குளிர்காலத்தின் வறட்சியும், குளிரூட்டிய அறைக்கும் வெயிலுக்கும் மாறிமாறிச் செல்வதும் இதற்கு ஏதுவாகும். மேல் உடலில், சிறு துளைகள் நெருங்கிய பகுதியில் வெடிப்பு மிகுதியாகத் தோன்றும். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிப் பார்த்தால் மெல்லிய கோடும் புலப்படும். மேற்பரப்பில் மட்டும் உள்ள குறுங்கோடு அஞ்சத்தக்கதன்று. துளையை ஊடுருவிச் செல்வதும், உட்குழல்வரை எட்டுவதும் கடுமையானவை. திறமையானவர் பசையிட்டும், குறுக்கே ஊசி செருகியும், பட்டையிட்டும் இவற்றைச் சீர்செய்ய இயலும். செம்மையாகச் செய்த பழுது ஒலியைப் பாதிப்பதில்லை. விற்பனை விலையைக் குறைக்கும்.

இணைப்புகளில் உள்ள உலோக வளையங்கள் தாமாகக் கழன்று வந்தால், மரம் வறண்டு சுருங்கியுள்ளது என்று பொருள். கார்க் உதிர்ந்திருப்பதும், சாவிகளின் அடியிலுள்ள பேடுகள் கிழிந்திருப்பதும் இயல்பான தேய்மானமே. அவை மாற்றுவதற்கென்றே உள்ளவை. துருப்பிடித்த எஃகு ஊசிச் சுருள்வில்களையும் மாற்றலாம். ஒடிந்த சாவி, காணாமற்போன சாவி, தேய்ந்து சரிந்த துளை விளிம்பு ஆகியவை செலவைப் பன்மடங்காக்கும்.

காற்றுக் கசிவை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. மேல் உடலை மட்டும் எடுத்து, துளைகளை இடக்கை விரல்களால் மூடி, அடிமுனையை மறுகை உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய்வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். உறிஞ்சல் சில விநாடிகள் நிலைத்தால் அடைப்பு நன்று. உடனே தளர்ந்தால் பேடு கசிகிறது. அல்லது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளது.

பெயரும் எண்ணும்

முத்திரையிலுள்ள பெயர் வழிகாட்டுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது. புஃபே கிராம்போன், செல்மர், லெப்லாங்க் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்களும், 1930இல் இரு நிறுவனங்கள் இணைந்து உருவான இங்கிலாந்தின் பூஸே அண்டு ஹாக்ஸும் புகழ்பெற்றவை. எனினும் ஒரே நிறுவனம் மாணவர்க்கென்றும் தொழில்முறைக் கலைஞர்க்கென்றும் வேறுவேறு தரங்களில் கருவி செய்தது. பூஸே அண்டு ஹாக்ஸின் ரீஜன்ட் மாணவர் கருவி. அதே நிறுவனத்தின் 1010 இலண்டன் இசையரங்குகளின் முன்னணிக் கலைஞர்கள் வாசித்தது. ஆகவே நிறுவனத்தின் பெயரோடு வகைப்பெயரையும் படிக்க வேண்டும். சில கருவிகளில் செய்தவர் பெயரே இராது. விற்ற கடையின் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகையவற்றை வேலைப்பாட்டைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மேல் உடலிலும் கீழ் உடலிலும் வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்போம். எண்கள் வேறாயின் இரு கருவிகளின் பகுதிகள் சேர்க்கப்பட்டுள்ளன, மதிப்பு குறையும். புஃபே கிராம்போன் போன்ற நிறுவனங்களின் வரிசை எண்ணைக் கொண்டு செய்த ஆண்டை அறியலாம்.

வாசித்துப் பார்த்தல்

புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் அதே விரலடைவில் ஓங்கி ஊதினால், கீழ் ஸ்தாயி ஷட்ஜமம் மேல் ஸ்தாயி ஷட்ஜமமாகும். கிளாரினெட் அப்படியன்று. அதன் உட்குழல் பெரும்பகுதி ஒரே விட்டமுடையது. ஒரு முனை ஊதுவாயால் அடைபட்டது. எனவே ஷட்ஜமம் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவுகிறது. இந்தத் தாவல் துல்லியமாக அமைகிறதா என்பதே கருவியின் உட்குழல் நலமாக உள்ளதா என்பதற்கான தேர்வு. கீழ்ச் சுரங்களை ஒவ்வொன்றாக ஊதி, அவற்றின் தாவற் சுரங்களை ட்யூனரில் ஒப்பிட வேண்டும். சிறு பிசகு எல்லாக் கருவிகளிலும் உண்டு. கலைஞர் உதட்டால் அதை ஈடுசெய்வார். பெரும் பிசகு, உட்குழல் சுருங்கியோ கோணியோ போனதைக் காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொருந்தாத ஊதுவாய் நல்ல கருவியையும் பழுதாகக் காட்டும். மேற்சொன்ன 1010 வகையின் உட்குழல் பிரெஞ்சுக் கருவிகளினும் அகன்றது. அதற்கென்று அமைந்த ஊதுவாய் இல்லாவிடில் மேல் சுரங்கள் பிசகும். எனவே பெட்டியில் உள்ள பழைய ஊதுவாயைக் களையாமல் வைத்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். வெந்நீர் எபோனைட்டின் நிறத்தைக் கெடுக்கும்.

கணக்குப் போடுவோம்

வயலினைப்போல் கிளாரினெட்டும் வயதாக வயதாக விலையேறும் என்பது தவறான எண்ணம். ஊதுகருவியின் மரம் ஈரத்தாலும் பயன்பாட்டாலும் தேய்கிறது. தொழில்முறைக் கலைஞர்கள் பலர் புதிய கருவிகளையே நாடுகின்றனர். எனவே நியாய விலைக்கு இச்சூத்திரத்தைக் கொள்ளலாம்: செப்பனிட்டு வாசிக்கும் நிலையிலுள்ள அதே வகைக் கருவியின் சந்தை விலையிலிருந்து, பழுதுபார்க்கும் செலவையும், ஐயத்துக்கான ஒரு கழிவையும் நீக்க வேண்டும்.

விளக்கத்துக்காக மட்டும் சில தொகைகளைக் கற்பனையாகக் கொள்வோம். செப்பனிட்ட போம் முறைக் கருவி ஒன்றின் விலை ரூ.40,000, பழுதுச் செலவு ரூ.18,000, ஐயக் கழிவு ரூ.6,000. எனில் இன்றைய நிலையில் அதன் நியாய விலை ரூ.16,000. இதே தோற்றமுடைய மற்றொரு கருவி ரூ.5,000க்குக் கிடைக்கிறது, ஆனால் அது உயர் சுருதி. செப்பனிட்டாலும் அலங்காரப் பொருளாக ரூ.6,000க்கே போகும் என்று கொண்டால், மலிவாகத் தோன்றியதை வாங்கிச் செப்பனிட்டவர் ரூ.23,000 செலவிட்டு ரூ.17,000 இழக்கிறார். சுருதியைப் பார்க்க ஆகும் செலவு சில நிமிடங்களே.

விற்பனை விலை மட்டுமே மதிப்பன்று. வீட்டில் ஒரு குழந்தை கற்க விரும்பினால், சுருதி சரியான பழைய மாணவர் கருவி, சந்தையில் அதன் விலை குறைவாயினும், புதிய கருவி வாங்கும் செலவை மிச்சப்படுத்தும். அது பயன் மதிப்பு. தாத்தா ஊதிய உயர் சுருதிக் கருவியைத் துடைத்துக் கண்ணாடிப் பேழையில் வைப்பது நினைவு மதிப்பு. மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாதிருந்தால், பழுதுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதில் தெளிவு பிறக்கும்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

நேரில் பார்த்து, வாசித்து அறியாமல் முழுத்தொகையையும் செலுத்த வேண்டாம். வகை, வரிசை எண், வெடிப்பு உண்டா இல்லையா, திருப்பித் தரும் காலவரம்பு ஆகியவற்றை எழுதிய இரசீது பெறுவது நலம். இணையவழி விற்கும்போது இன்னும் விழிப்பு வேண்டும். பணம் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண்ணை இடவோ, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ ஒருபோதும் தேவையில்லை. அவ்வாறு கேட்பவர் வாங்க வந்தவரல்லர், வஞ்சிக்க வந்தவர்.

கருவியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின் இரு சட்டங்களை நினைவில் கொள்வோம். கருமரம் உள்ளிட்ட ஈட்டிப் பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. அடுத்து, நூறாண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின் வரம்பில் வரக்கூடும். தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய அச்சட்டம் இடந்தருவதில்லை. மிகப் பழைய கருவியாயின் இந்தியத் தொல்லியல் துறையைக் கேட்டறிந்த பின்னரே அனுப்ப வேண்டும்.

பேணும் முறை

நெடுங்காலம் உறங்கிய கருவியைத் திடீரென்று மணிக்கணக்கில் ஊதலாகாது. முதல் வாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் உட்குழலை மென்துணியால் துடைக்க வேண்டும். சமையல் எண்ணெய் எதையும் மரத்தில் பூச வேண்டாம். அது பேடுகளில் ஊறிப் பிசுக்காகும். தகரக் கூரையின் கீழுள்ள பரணும், பூட்டிய மகிழுந்தும் மரத்துக்குப் பகை. கருவியின் ஒளிப்படங்கள், வரிசை எண், பழுதுபார்த்த இரசீது ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருந்தால், காப்பீட்டுக்கும் விற்பனைக்கும் பாகப்பிரிவினைக்கும் உதவும்.

பெட்டி கையில் வந்ததும் வரிசை இதுதான்: முதலில் மரம், பின் சாவியமைப்பு, பின் சுருதி, பின் வெடிப்பு, பின் எண்கள், கடைசியாக வாசிப்பு. இவை முடிந்த பிறகே பழுதுபார்ப்பவரிடம் செலவு மதிப்பீடு கேட்போம். மதிப்பீடு கைக்கு வந்த பிறகே விலை பேசுவோம்.